கட்சி: மூன்றாம் பொருள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்களா? மாமாவின் முட்டி வலி தேவலையா? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். காரியம் இல்லாவிட்டால் இவன் எழுதமாட்டானே என்று நீ முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்கு எங்கள் கட்சி அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு வைக்கிறோம். 'கட்சி என்றால் என்ன' என்று முதல் வகுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கொள்கையைப் பேச மைக் இருக்கிறார். மைக் என்பது எங்கள் துணைச் செயலாளர். கையில் மைக் கிடைத்தால் கீழே வைக்கமாட்டார். எனக்கு அந்தச் சொல் மட்டும் வேண்டும். அது எங்கிருந்து வந்தது, முதலில் எதைக் கட்சி என்றார்கள்? அகராதி அலுவலகத்தில் இத்தனை காலமாகக் குப்பை கொட்டுகிறாயே, தம்பிக்கு ஒரு சொல் தரக்கூடாதா?

என் பாடு எப்போதும் போலத்தான். அலுவலகத்தின் பின்னறையில் ஒரு பக்கம் சுவரொட்டிக் கட்டு, ஒரு பக்கம் கொடிக் கம்பு, நடுவில் என் கட்டிலும் துணிப் பெட்டியும். காலையில் ஷட்டரைத் தூக்குவதும் நான், ராத்திரி இறக்குவதும் நான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம் "கட்சியைக் கட்டிக்கிட்டேன்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அப்படிக் கேட்கவும் ஆளில்லை. இந்த அறையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால்தானோ என்னவோ, இதைக் கூட்டிப் பெருக்கி வைப்பதில் எனக்கு ஒரு வெறி.

பதிலை எதிர்பார்க்கும்
உன் தம்பி

ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மாமாவும் முட்டியும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். நீ வேளைக்குச் சாப்பிடு. நீ சுகம் என்று எழுதினால் நான் நம்புவதில்லை.

நல்ல சமயத்தில் கேட்டாய். எங்கள் மேசையில் இப்போது அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. பழைய பாட்டுகளில் கட்சி என்றால் பறவையின் கூடு. காட்டு விலங்கு ஒதுங்குகிற புகலிடத்துக்கும் அதே சொல்தான். நீ சொல்கிற கட்சி அதிலிருந்து வந்ததா என்பதில்தான் சண்டை. அக்குள், விலா, பக்கம் என்றெல்லாம் பொருள்படும் ஒரு வடசொல் நம் வாயில் கட்சி ஆனது, ஒரு பக்கமாக நிற்பவர்கள் என்ற பொருள் அப்படி வந்தது என்று பலர் சொல்கிறார்கள். வழக்கில் ஆளுக்கொரு கட்சி உண்டல்லவா? வக்கீல்கள் இன்றைக்கும் "என் கட்சிக்காரர்" என்றுதானே சொல்கிறார்கள்? அந்தப் பக்கம்தான் பிறகு மேடை ஏறியது என்பது என் எண்ணம். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் ஒத்துக்கொள்வதில்லை. "கூடுதான் கட்சியாச்சு, முற்றுப்புள்ளி" என்று மேசையைத் தட்டுகிறார். எல்லாப் பேச்சையும் அப்படி முடிப்பதால் அவருக்கே முற்றுப்புள்ளி என்று பெயர். ஒரு சொல்லுக்காக எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி.

அகராதியில் இப்படிப் போடப்போகிறோம். முதல் பொருள், அரசியல் அமைப்பு. இரண்டாவது, வழக்காடும் தரப்பு. மூன்றாவது, ஒருவர் பக்கம் நிற்பது. "நான் உன் கட்சி" என்கிறோமே, அது. கூட்டைக் கடைசியில், வழக்கிழந்தது என்ற குறியோடு போடுகிறோம்.

பதிலுக்கு நீ எனக்கு ஒன்று செய். இவற்றுக்குச் சான்று வாக்கியம் வேண்டும். எங்கள் ஆட்கள் எழுதுவதெல்லாம் இஸ்திரி போட்ட வாக்கியம். எனக்கு வாயில் புழங்கின வாக்கியம் வேண்டும். சொல் ஊருக்குச் சொந்தம், வாக்கியம் எழுதினவனுக்குச் சொந்தம் என்று இங்கே புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது வழக்கம். கேட்டுக் கேட்டு அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சுகம், இருமலைத் தவிர. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

வகுப்பு அமர்க்களம். கூடு என்று சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. புதிதாகச் சேர்ந்த தையற்காரம்மா ஒருவர் எழுந்து, "அப்போ நாங்க கூட்டுக்கு வந்து சேந்திருக்கோம்னு சொல்லுங்க" என்றார். மைக் சும்மா இருப்பாரா? "அக்குள்ல இருந்தும் வந்திருக்கலாம்னு சொல்றாரே, அதான் நம்மள்ல சில பேருக்கு எப்பவும் வேர்த்துக் கொட்டுது" என்றார். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

நீ கேட்ட வாக்கியங்கள் இதோ. 'அவன் கட்சி மாறும்போது செருப்பை மட்டும்தான் மாத்தலை.' 'அவர் மேடையில் பேசுறது கட்சிப் பேச்சு, வீட்டுப் பேச்சு வேற.' 'ரெண்டு கட்சியையும் கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லுங்க.' மூன்றாம் பொருளுக்கு ஒன்றும் சிக்கவில்லை. நான் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தபோது நீ முன்னால் போய் "நான்தான் உடைச்சேன்" என்று நின்றாயே, நினைவிருக்கிறதா? அப்பா உன்னை அடித்துவிட்டு, "இனிமே இவன் கட்சி கட்டிக்கிட்டு வருவியா" என்று கேட்டார். நீ "வருவேன்" என்றாய். அதை ஒரு வாக்கியமாக ஆக்க எனக்குத் தெரியவில்லை. அந்த ஒன்று பாக்கி இருக்கட்டும்.

இங்கே காலம் தப்பின மழை விட்டபாடில்லை. சுவரொட்டிகளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு நான் தரையில் படுக்கிறேன். கட்சிக் கட்டடம் ஒழுகுகிறது, தலைவர் வீட்டு மாடிக்கு இரண்டாவது கூரை ஏறுகிறது. இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். இருமலுக்கு வெந்நீர் குடி. தரையில் படுக்காதே, சுவரொட்டிக்குச் சளி பிடிக்காது, உனக்குப் பிடிக்கும்.

வாக்கியங்களைப் பார்த்தேன். செருப்பு வாக்கியத்தில் 'மட்டும்' வேண்டாம், இல்லாமலே குத்துகிறது. மேடைப் பேச்சு வாக்கியம் நீளம். தீர்ப்பு வாக்கியம் அப்படியே போகலாம். ஆனால் இந்த மூன்றையும்விட நல்லதாக ஒன்று உன் கடிதத்திலேயே இருந்தது. வாக்கியம் எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எழுதியிருக்கிறாய், அதனால்தான் அதில் உயிர் இருக்கிறது. படித்ததும் பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டேன். முதல் பொருளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். எது என்று இப்போது சொல்லமாட்டேன், அச்சில் பார்த்துத் திகைத்துப் போ.

முழு அகராதிக்கு முன்னால் மாதிரிப் பகுதி ஒன்று புத்தகமாக வருகிறது. அடுத்த மாதம் கையில் இருக்கும். கடைசி மெய்ப்பில் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது என்பதால் எனக்குத் தூக்கமே இல்லை. மூன்றாம் பொருளை மறந்துவிடாதே.

உன் அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. மாமா எப்படி? உனக்குத் தூக்கம் வந்ததா?

என் வாக்கியம் அகராதியில் வருகிறது என்று இங்கே தண்டோரா போட்டுவிட்டேன். மைக்குக்கு முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு காலம் பேசியும் அவர் பேச்சை யாரும் அச்சில் ஏற்றவில்லை அல்லவா. ஒரு உதவி செய். மாதிரிப் புத்தகம் வந்ததும் எங்கள் அலுவலக முகவரிக்கு இரண்டு பிரதி அனுப்பு. ஒன்று எனக்கு, ஒன்று தலைவருக்கு. என் அக்கா செய்த வேலை என்று அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் படிக்கமாட்டார், ஆனால் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொள்வார்.

கூரைக்கு பிளாஸ்டிக் விரிப்பு கட்டினேன். இப்போது சொட்டுவதில்லை. பெட்டி, கட்டில், நான் மூவரும் சுகம்.

உன் தம்பி

மே 20

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

பிரதிகளைச் சென்ற மாதமே அனுப்பினேன். சேர்ந்தது என்று நீ எழுதவில்லை. இங்கே வேலை நெருக்கடி, அதனால் நானும் எழுதவில்லை. நகராட்சியிலிருந்து சிலர் வந்து முற்றுப்புள்ளியைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். எங்கள் கட்டடம் நகராட்சியுடையது. இங்கே நகராட்சி உங்கள் கட்சியின் கையில். இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று எல்லோரும் பயந்தோம். அப்படி எதுவும் ஆகவில்லை. விஷயம் முடிந்துவிட்டது.

ஒன்று கேட்க நினைத்தேன். உன் பெட்டியை வேறு எங்காவது வைக்க இடம் இருக்கிறதா? கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்காகக் கேட்கிறேன். துண்டறிக்கை அடிக்கிற அச்சகக்காரர் உனக்கு நண்பர்தானே. எங்கள் மாடி அறையில் மாமாவின் பழைய சாமான்கள் அடைந்து கிடக்கின்றன, கால் வைக்க இடமில்லை.

அக்கா

ஜூலை 3

அக்காவுக்கு,

சுகம். இனிமேல் கீழே உள்ள அச்சக முகவரிக்கு எழுது.

முதல் பொருளுக்கு இன்னும் சில வாக்கியங்கள் அனுப்புகிறேன்.

'பல வருடம் உழைத்தவனைக் கட்சி ஒரே வரியில் நீக்கியது.'

'கட்சி அலுவலகச் சாவியை அவன் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.'

'கட்சியிலிருந்து போனபின் அவன் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுக்கிறான்.'

உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்.

தம்பி

ஜூலை 29

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமா உன்னை விசாரித்தார். புது முகவரியில் காற்று வருமா? அச்சகங்களில் மை வாடை இருக்கும், ஜன்னல் பக்கம் படு.

வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. முதலாவதில் 'ஒரே வரியில்' மிகை. 'நீக்கியது' என்றாலே போதும். இரண்டாவதில் சாவி வாசகனின் கவனத்தைக் கட்சியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மூன்றாவதை எடுக்க முடியாது. அச்சு இயந்திரம் ஏன் வருகிறது என்று வாசகனுக்கு விளங்காது. சான்று வாக்கியம் தன் காலில் நிற்க வேண்டும், பின்னால் கதை இருக்கக்கூடாது.

மூன்றாம் பொருளுக்கு இன்னும் காத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நீ நலமா, மாமா நலமா என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பது பழக்கம். கேட்டதாக வைத்துக்கொள்.

பின்னால் கதை இருக்கக்கூடாது என்று எழுதியிருந்தாய். கதையை நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு காலையில் கூட்டம் இருக்கிறது, நாற்காலி போடு என்றார்கள். போட்டேன். தூசி தட்டித் துடைத்தும் வைத்தேன். மேசைக்கு எதிரே தனியாக ஒன்று போடச் சொன்னார்கள். யாருக்கு என்று கேட்டேன், போடு என்றார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதில் நான் உட்கார்ந்தேன்.

நீ அனுப்பின இரண்டு பிரதியும் என் கைக்கு வரவே இல்லை. மைக் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வாசித்தார். 'கட்சிக் கட்டடம் ஒழுகுகிறது, தலைவர் வீட்டு மாடிக்கு இரண்டாவது கூரை ஏறுகிறது.' முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது, எவனோ நன்றாகச் சொல்லியிருக்கிறானே என்று நினைத்தேன். இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் அது நான் உனக்கு எழுதினது என்று உறைத்தது.

"நான் அகராதிக்கு அப்படி எழுதி அனுப்பலைங்க" என்றேன். அது உண்மை. தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாலும் நம்பியிருப்பார், ஏனென்றால் அவருக்கு என்னைத் தெரியும். அப்போது மைக், "அகராதி ஆபீஸ்ல ஆள் விட்டுக் கேட்டாச்சு தலைவரே. அவங்களுக்கு இதுல பொறுப்பு இல்லையாம். சொல் ஊருக்குச் சொந்தம், வாக்கியம் எழுதினவனுக்குச் சொந்தம்னு சொல்லி, எழுதினவன் யாருன்னும் சொல்லிட்டாங்க" என்றார்.

அது உன் வாக்கியம். வேறு எந்த வார்த்தையில் சொல்லியிருந்தாலும், முற்றுப்புள்ளி சொன்னார், வேறு யாரோ சொன்னார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். தலைவர், "அது உன் அக்கா வேலை பார்க்கிற இடம்தானேப்பா" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். நீக்குவதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். கூட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று சொன்ன தையற்காரம்மாவும் தூக்கினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர் பாவம் என்ன செய்வார்.

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டியோடு வந்தேன். இங்கே ராத்திரியும் இயந்திரம் ஓடும். ஜன்னல் கிடையாது.

நீ பயந்து சொல்லியிருப்பாய். வேலை போய்விடும், மாமாவுக்கு உடம்பு சரியில்லை, இத்தனை வருட உழைப்பு தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்திருப்பாய். அதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. விசாரணை நடந்தது ஜூனில். என் பெட்டிக்கு இடம் இருக்கிறதா என்று நீ கேட்டது மே மாதம். நடுவில் எத்தனையோ நாள் இருந்தது, ஒரு வரி எழுதியிருக்கலாம். 'தம்பி, உன் பெயரைச் சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருந்தால் அந்த நாற்காலியைத் துடைக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கும். ஜூலையில் நான் எழுதினது வாக்கியம் இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தே உட்கார்ந்து திருத்தினாய். கட்சி என்னை நீக்கியதைவிட அந்தத் திருத்தம்தான் அக்கா வலித்தது.

மூன்றாம் பொருளுக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. 'அக்கா எப்போதும் என் கட்சி என்று நினைத்திருந்தேன்.' மிகை இருந்தால் எடுத்துக்கொள்.

உன் தம்பி

அக்டோபர் 30

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எழுத உட்காருவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் வந்தபோது அறையில் யார் யார் இருந்தார்கள், முற்றுப்புள்ளி என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் எனக்குச் சாதகமாகவே வருகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

முதல் பொருளிலிருந்து கூரை வாக்கியத்தை எடுத்தாயிற்று. மூன்றாம் பொருளுக்கு உன் வாக்கியத்தை வைத்திருக்கிறேன். அதில் ஒரு சொல்லையும் தொடவில்லை, தொடவும் விடமாட்டேன். அகராதி இருக்கிறவரை அது இருக்கும், படிக்கிறவர்கள் படிக்கட்டும். உனக்கு என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். மாமாவே சாமான்களை இறக்கினார். ஜன்னல் கிழக்குப் பக்கம். வா. கோபத்தோடு வந்தாலும் சரி.

இருமல் திரும்ப வந்துவிடாமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

மாமாவின் முட்டி வலி வெயில் நாள் வந்தால் குறையும். எனக்கு இருமல் இல்லை.

முழு அகராதி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். நீ அனுப்புவாய் என்று கொஞ்ச நாள் பார்த்தேன். வா என்று நீ எழுதின கடிதத்தைப் பெட்டியில் வைக்காமல் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தை அச்சில் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அச்சகக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

நேற்று நூலகத்துக்குப் போனேன். கனமான புத்தகம், நல்ல தாள். கூடு கடைசியில்தான் இருக்கிறது, வழக்கிழந்தது என்ற குறியோடு. மூன்றாம் பொருளுக்கு எதிரே இப்படி இருக்கிறது: 'அவர் எப்போதும் என் கட்சி என்று நினைத்திருந்தேன்.'

முற்றுப்புள்ளி மாற்றியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான், கடைசி மெய்ப்பில் உன் கையெழுத்து இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது என்று நீ எழுதினது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்திலும் போட்டிருப்பாய். யார் மாற்றினது என்று நான் கேட்கவில்லை, நீயும் எழுதவேண்டாம்.

மாமாவின் சாமான்களை மறுபடி மாடியில் ஏற்றிவிடுங்கள். பாவம், அவரை ஏறவிடாமல் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
எழுதினவன்